கொல்லைக் கோழியும் தெருவும்: ஸ்ரீமுஷ்ணம் வட்டாரத்தை முன்வைத்து வீட்டுச் சிறுகால்நடை வளர்ப்பு

ஆய்வுச் சுருக்கம்

வீட்டுக் கொல்லையில் வளர்க்கப்படும் கோழியும் ஆடும் தனிக்குடும்பத்தின் உடைமையாகக் கணக்கிடப்படுகின்றன. ஆயினும் அவற்றின் இரை, இனப்பெருக்கம், நோய் ஆகிய மூன்றும் தெரு முழுவதற்கும் பொதுவானவை. கடலூர் மாவட்டம் ஸ்ரீமுஷ்ணம் வட்டாரத்தின் நில அமைப்பையும் பழைய தென்னாற்காட்டின் கால்நடை நோய் வரலாற்றையும் முன்வைத்து இவ்வளர்ப்பு முறை இயங்கும் விதத்தை இக்கட்டுரை விளக்குகிறது. கொல்லை வளர்ப்பின் வலுக்குறைவு தீவனத்திலோ இனத்திலோ இல்லை, நோய்த்தடுப்பு வந்து சேரும் அளவிலும் காலத்திலும் உள்ளது என்பது இதன் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: கொல்லை, சிறுகால்நடை, அடை, சிறுவாடு, கோழிக்கழிச்சல், ஆட்டுக்கொல்லி, தென்னாற்காடு.

முன்னுரை

கடலூர் மாவட்டப் பேச்சு வழக்கில் ‘கொல்லை’ என்னும் சொல் இரு பொருளில் வழங்குகிறது. முந்திரிக்கொல்லை, மல்லாட்டைக்கொல்லை என்னுமிடத்து அது புன்செய் நிலம்; ‘கொல்லைப்பக்கம்’ என்னுமிடத்து வீட்டின் பின்புறம். ஸ்ரீமுஷ்ணம் இவ்விரண்டு கொல்லைகளும் அருகருகே அமைந்த ஊர். விருத்தாசலத்துக்குத் தென்கிழக்கிலும் காட்டுமன்னார்கோயிலுக்கு வடமேற்கிலும் அமைந்துள்ள இவ்வூருக்கு மேற்கே செம்மண் மேட்டு நிலமும் முந்திரியும். கிழக்கே போகப்போக வீராணம் ஏரியின் பாசனத்தைச் சார்ந்த நன்செய். மேட்டு நிலத்தில் ஆட்டுக்கு இடமுண்டு. நன்செய்ப் பக்கத்தில் சம்பா நட்டது முதல் அறுவடை வரை ஆடு கட்டுத்தறியை விட்டு நகர இயலாது. கோழிக்கு இரு பக்கமும் ஒன்றே.

பூவராகர் கோயிலால் அறியப்படும் ஊர் இது. தெய்வம் பன்றி வடிவம் கொண்டிருப்பதும், பன்றி விரும்பித் தோண்டித் தின்னும் கோரைக்கிழங்கு இக்கோயிலில் பிரசாதமாக வழங்கப்படுவதும் விலங்கின் உணவுப் பழக்கத்தை இவ்வூர் எவ்வளவு கூர்ந்து கண்டிருக்கிறது என்பதைக் காட்டும். எனினும் பன்றி வளர்ப்பு சாதி சார்ந்த தனி வரலாறு உடையது. அதனை இங்குச் சேர்த்துப் பேசுவது பொருந்தாது. இக்கட்டுரை கோழியையும் ஆட்டையும் மட்டும் எடுத்துக்கொள்கிறது.

இலக்கியத்திலும் கல்வெட்டிலும் வீட்டுக்கோழி

வீட்டுக்கோழி தமிழ் இலக்கியத்தில் முதலிலிருந்தே பெண்ணின் கண் வழியாகப் பார்க்கப்பட்டுள்ளது. குறுந்தொகையின் 139ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார், மாலை வேளையில் வேலியோரம் காட்டுப்பூனை வரக் கண்டு, புகலிடம் அறியாத தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கும் பெட்டைக்கோழியை உவமையாக்குகிறார். கொல்லையில் கோழி வளர்ப்போர் இன்றும் அஞ்சும் வேளை அந்த மாலைதான். இன்றும் அஞ்சும் விலங்குகளுள் ஒன்று அந்தப் பூனைதான். பட்டினப்பாலையில், முற்றத்தில் உலரும் தானியத்தைக் கவர வந்த கோழியின் மீது பெண்கள் தம் காதணியைக் கழற்றி எறிகின்றனர். இக்காட்சி நகரின் செல்வச் செழிப்புக்குச் சான்றாகப் பலமுறை எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. கோழி எந்த வீட்டுக்குரியது என்னும் வினாவை எவரும் எழுப்புவதில்லை. அது பக்கத்து வீட்டுக் கோழியாகவும் இருக்கலாம். எந்த முற்றத்திலும் இரை பொறுக்கும் உரிமையைக் கோழி தானே எடுத்துக்கொள்கிறது என்பதே அக்காட்சியின் அடிப்படை.

தொல்காப்பிய மரபியல் விலங்கு, பறவைகளின் இளமை, ஆண், பெண் பெயர்களை வரையறுக்கிறது. பறவைக் குஞ்சுக்குப் பார்ப்பு, பிள்ளை என்பனவும், ஆட்டுக்குட்டிக்கு மறி என்பதும், பெட்டைக்கோழிக்கு அளகு என்பதும் அங்குக் கூறப்படுகின்றன. அளகு வழக்கொழிந்தது. பெட்டை நிலைத்தது. மறி என்பது ஊர்ப்புறங்களில் பெண்குட்டியைக் கிடாவிலிருந்து பிரித்துக் காட்டும் சொல்லாக எஞ்சியுள்ளது. முட்டையிடத் தொடங்கும் பருவத்துக் கோழியைக் குறிக்கும் விடைக்கோழி, அடையிருக்கும் கோழியைக் குறிக்கும் அடைக்கோழி, குஞ்சுகளோடு தாயைக் கவிழ்த்து வைக்கும் பஞ்சாரம், இரவில் அடைக்கும் குடாப்பு ஆகிய சொற்கள் வளர்ப்பின் ஒவ்வொரு கட்டத்தையும் பெயரிட்டு வைத்துள்ளன. அகராதியில் இவை சிதறிக் கிடப்பினும், வளர்ப்பவர் நாவில் ஒரே தொடராக வருவன.

சேவலுக்கு நேர்ந்த மதிப்பு வேறு. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கு எடுக்கப்பட்ட பழமையான நடுகல் உள்ளது. 1993 வரை கடலூரும் விழுப்புரமும் தென்னாற்காடு என்னும் ஒரே மாவட்டமாக இருந்தன. போரில் மாண்ட சேவலுக்குக் கல் நட்ட நிலப்பகுதியில், குடும்பத்துக்கு முட்டையும் குஞ்சும் தந்த பெட்டைக்கு அத்தகைய கல் கிடைத்ததாகத் தெரியவில்லை. அதற்குரிய ஆவணம் சிறுவாட்டு முடிச்சில் இருந்தது எனலாம். கணவன் கணக்கில் சேராமல் பெண் தனியே சேர்த்து வைக்கும் பணமே சிறுவாடு. முட்டை விற்ற காசும், விருந்துக்கோ நேர்த்திக்கோ கோழி கேட்டு வந்தவர் கொடுத்த காசும் அதில் சேர்வன. கோழிக்கு நோய் வரும்போது முதலில் கரைவதும் அதுவே.

அடையின் கணக்கு

பண்ணை முறையோடு ஒப்பிடுகையில் நாட்டுக்கோழி மிகக் குறைவாகவே முட்டையிடும். கலப்பின முட்டைக்கோழி ஆண்டுக்கு 300 முட்டைகளைத் தாண்டும். நாட்டுக்கோழி 40 முதல் 60 வரை இடும். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் அடை. நாட்டுப்பெட்டை 10 முதல் 15 முட்டைகள் வரை இட்டபின் அடைக்கு அமரும். 21 நாள் அடைகாத்து, பொரித்த குஞ்சுகளை ஒன்றரை முதல் இரண்டு மாதம் வரை உடன் கூட்டித் திரிந்து, அவற்றைக் கொத்தித் துரத்திய பின்னரே மீண்டும் முட்டைக்கு வரும். இச்சுற்று ஆண்டுக்கு மூன்று அல்லது நான்கு முறை நிகழும். பண்ணைக்கோழியிடம் இவ்வியல்பு தேர்வு முறையால் நீக்கப்பட்டுவிட்டது. எனவே அதன் குஞ்சுக்குப் பொரிப்பகமும் மின்விளக்கும் விலைக்கு வாங்கும் தீவனமும் தேவைப்படுகின்றன. நாட்டுக்கோழி இம்மூன்றையும் தன் உடலாலேயே ஈடுசெய்கிறது. அதன் குறைந்த முட்டை எண்ணிக்கை, செலவின்மைக்குக் கொடுக்கப்படும் விலையாகும்.

அடை வைத்தலில் வழக்காறுகள் பல. முறத்திலோ அகன்ற சட்டியிலோ மணலோ வைக்கோலோ பரப்பி முட்டைகளை அடுக்குவர்; உடன் இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, காய்ந்த மிளகாய் ஆகியவற்றை வைப்பர். இடி இடித்தால் முட்டை கூழ்முட்டையாகிவிடும் என்பதும், இரும்பு அதனைத் தடுக்கும் என்பதும் நம்பிக்கை. கருக்கூடாத முட்டையும் இடையில் கரு இறந்த முட்டையுமே அடையின் வெப்பத்தில் அழுகிக் கூழாகின்றன. கோடையில் பல நாள் வைத்திருந்த முட்டையில் வெளி வெப்பத்தாலேயே கரு அரைகுறையாக வளரத் தொடங்கி இறந்துவிடுவதுண்டு. கோடை இடிமழைக் காலமும் அதுவே ஆதலின், இடியின் மீது பழி விழுந்தது வியப்பன்று. ஒரு வாரத்துக்கு உட்பட்ட முட்டைகளை மட்டும் அடைக்குத் தேர்ந்து, ஏழாம் நாளுக்கு மேல் இருட்டில் விளக்கொளியில் பிடித்துப் பார்த்துக் கருக்கூடாதவற்றை நீக்கினால் கூழ்முட்டை பெருமளவு குறையும்.

முட்டை கருக்கூடுவதற்குச் சேவல் வேண்டும். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் சேவல் இருப்பதில்லை. தெருவில் திரியும் இரண்டொரு சேவல்களே அத்தெருவின் குஞ்சுகள் பலவற்றுக்குத் தந்தை. நல்ல சேவலை வைத்திருப்பவர் அதற்குக் கட்டணம் கேட்பதில்லை. அதனை விற்றுவிட்டால் தெருவின் அடைகள் அனைத்தும் பாதிக்கப்படும் என்பதும் விற்பவர் கணக்கில் வருவதில்லை. தெருவின் பொதுமை முதலில் தோன்றுவது இங்கே.

இரை என்னும் பொதுச்சொத்து

இரண்டாவது பொதுமை இரை. 1993இல் இலங்கை ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்று, ஊர்க்கோழிகளின் இரைப்பையைத் திறந்து உள்ளிருந்தவற்றை வகைப்படுத்தி எடையிட்டது. புழுவும் பூச்சியும் புல்லும் தானியமும் இருந்தனவெனினும், பெரும்பகுதி வீடுகளிலிருந்து வெளியேறிய உணவுக் கழிவே. ஓர் ஊரின் கோழித்தொகையை அவ்வூர் சமைக்கும் அளவே வரையறுக்கிறது என்னும் முடிவுக்கு இவ்வாய்வுகள் வழிகோலின. வீட்டுக்கு ஐந்து கோழி இருந்த தெருவில் வீட்டுக்குப் பத்து கோழி ஆனால் இரை இரட்டிப்பதில்லை. பெரிய கோழி தன் பங்கைக் கொத்திக்கொள்ளும். குறைவது குஞ்சின் பங்கு. குஞ்சு இறப்பு கூடி, தொகை பழைய அளவுக்கே திரும்பும். இலவசமாகக் கோழி வழங்கும் திட்டங்கள் ஓராண்டுக்குள் தடயமின்றி மறைவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதத்தக்கது.

இரையைக் கூட்டும் வழிகள் உண்டு. பழைய பானையில் கிழிந்த கோணி, காய்ந்த சாணம், வைக்கோல் ஆகியவற்றை இட்டு நீர் தெளித்துக் கரையான் உள்ள இடத்தில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலை கரையான் ஏறியிருக்கும். குஞ்சுகளுக்குப் புரதம் தருவதில் இதற்கு இணையானது கடைத்தீவனத்தில் அரிது. செம்மண் மேட்டில் இது எளிது. நீர் தேங்கும் நன்செய்ப் பகுதியில் மழைக்காலத்தில் கைகூடாது. குஞ்சுகளுக்கு முதல் சில வாரங்கள் குருணையும் கம்பும் பஞ்சாரத்துக்குள் தனியே இடுவதும் பெரிய கோழிகளின் போட்டியிலிருந்து அவற்றைக் காக்கும்.

ஆட்டுக்கு இரைப் பொதுமை இன்னும் வெளிப்படையானது. இப்பகுதியில் மிகுதியாக வளர்க்கப்படுவது குட்டையான பள்ளையாடு. சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள், இரட்டைக்குட்டி இயல்பு. நிலமற்றோர் அதனை வளர்க்கப் புறம்போக்கும் ஏரிக்கரையும் சாலையோரமும் அறுவடை முடிந்த வயலும் வேண்டும். சம்பாக் காலத்தில் பூவரசு, வாகை, கிளுவை, அகத்தித் தழையை ஒடித்து வந்து கட்டுத்தறியில் போடுவர். வேலியில் கிளுவை நட்டவரின் இசைவும் அதற்கு வேண்டும். 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா ஆடு வழங்கும் திட்டம், ஏழைப் பெண்ணொருவருக்கு நான்கு ஆடுகள் வீதம் அளித்தது. ஆடு பெண்ணின் பெயரில் வந்தது சிறப்பு. ஆனால் மேய்ச்சல் நிலம் எவர் பெயரிலும் வரவில்லை.

2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் வெள்ளாடுகள் ஏறத்தாழ 99 இலட்சம் எனக் காட்டுகிறது. 2012ஐ விட இது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். அதே காலத்தில் செம்மறி குறைந்தது. இந்திய அளவில் கொல்லைக் கோழிகள் 31.7 கோடியாக, 45 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தன. தமிழ்நாடு 12 கோடிக்கு மேற்பட்ட கோழிகளோடு நாட்டில் முதலிடம் பெறுவது நாமக்கல் பண்ணைகளால். அவ்வெண்ணைக் கொண்டு கொல்லை வளர்ப்பின் நிலையை மதிப்பிடுவது பிழையாகும்.

சீக்கு: ராணிக்கெட்டும் அரசூரும்

‘சீக்குக் கோழி’ என்பது தமிழில் சோர்ந்து துவண்ட மனிதனுக்கும் ஆகிவந்த பெயர். கோழிக்குச் சீக்கு என்றால் ஊரார் முதன்மையாகக் கருதுவது வெள்ளைக்கழிச்சல். அரசுத்துறை வழக்கில் அது கோழிக்கழிச்சல் நோய். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அறியப்பட்ட இந்நோய், 1920களின் பிற்பகுதியில் குமாவோன் மலையூரான ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் இந்தியாவில் ராணிக்கெட் நோய் எனப் பெயர் பெற்றது. கோழி இறகை விரித்துத் தூங்கி விழும், வெள்ளையாகவும் பச்சையாகவும் கழியும், மூச்சுத் திணறும், பிழைத்தவற்றுள் சில கழுத்துத் திருகி நிற்கும். தடுப்பூசி பெறாத தெருவில் சில நாட்களில் பெரும்பாலானவை இறந்துவிடும். நச்சுயிரியால் வருவதாதலின் வந்தபின் தீர்க்கும் மருந்தில்லை.

நோய் கண்டவுடன் வளர்ப்போர் செய்வது கவனிக்கத்தக்கது. எஞ்சியவற்றை உடனே அறுப்பர், அல்லது வந்த விலைக்கு விற்பர். இறந்தவற்றை ஏரி வாய்க்காலிலோ குப்பை மேட்டிலோ எறிவர். தனிவீட்டின் நோக்கில் இது அறிவுடைய செயல். நாளை இறக்கப்போகும் கோழிக்கு இன்று கிடைக்கும் விலை இழப்பைக் குறைக்கும். தெருவின் நோக்கில் இதுவே நோயைச் சந்தைக்கும் உறவினர் ஊருக்கும் கொண்டு செல்லும் வண்டி. இதனை அறியாமை என்று எழுதிவிடுவது ஆய்வு நூல்களில் காணப்படும் எளிய வழி. சிறுவாடு கரைவதைக் கண்முன் காணும் பெண்ணுக்கு வேறு வழி எதுவும் வழங்கப்படாத நிலையில் அச்சொல் பொருந்தாது.

தடுப்பூசி உள்ளது, விலையும் மிகக் குறைவு. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா வகைச் சொட்டு மருந்து. எட்டாவது வாரத்தில் இறக்கைத் தோலடியில் முக்தேசுவர் வகை ஊசி. பின்னது வீரியம் மிக்கதாதலின் இளங்குஞ்சுக்குப் போடலாகாது. இம்மருந்து குளிர்ச்சியில் வைக்கப்பட வேண்டும். கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்கப்பட வேண்டும். வழக்கமாக வருவதோ 100 கோழிகளுக்கான குப்பி. ஐந்து கோழி வைத்திருப்பவர் ஒரு குப்பியைத் திறந்தால் 95 பங்கு வீணாகும். வீட்டுக்கு ஐந்து எனில் இருபது வீடுகள் ஒரே காலையில், கோழியைக் குடாப்பிலிருந்து திறந்துவிடும் முன், ஒத்துக்கொண்டால்தான் அக்குப்பி பயன்படும். பண்ணைக்கென வடிவமைந்த மருந்து கொல்லைக்கு வருகையில், கோழி வளர்ப்பு தானாகவே தெருவின் கூட்டுச் செயலாகிவிடுகிறது.

தமிழகக் கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துவது இச்சிக்கலுக்கான விடையே. காலத்தேர்வும் பொருத்தமானது. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து யக்ஞவராகர் மாசிமகத் தீர்த்தவாரிக்குக் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளும் நாட்களை ஒட்டியது இம்முகாம். அதன்பின் பங்குனியிலும் சித்திரையிலும் மாரியம்மன், ஐயனார் கோயில் விழாக்களுக்குக் கோழியும் கிடாவும் ஊர்விட்டு ஊர் செல்லும். வெயிலும் ஏறும். நோய் பரவுதற்கு உகந்த அக்காலத்துக்கு முன் ஊசி போடப்பெறுகிறது.

எனினும் முகாம் ஆண்டுக்கு ஒன்று. அடையோ ஆண்டுக்கு மூன்று. மாசியில் ஊசி பெற்ற கோழிகளுள் பல ஆடிக்குள் விற்கப்பட்டோ அறுக்கப்பட்டோ விடும். பங்குனியில் பொரித்த குஞ்சு அடுத்த மாசி வரை எந்தப் பாதுகாப்புமின்றித் திரியும். அதன் ஆயுளே அவ்வளவு நீளமன்று. முகாம் முடிந்த அன்று நூற்றுக்கு எண்பது கோழிகள் காப்புப் பெற்றிருந்தாலும், ஆறு மாதம் கழித்து அத்தெருவின் விழுக்காடு பாதிக்கும் கீழே இறங்கிவிட இடமுண்டு. கொல்லைக் கோழித்தொகை விரைந்து புதுப்பித்துக்கொள்வது. அதன் வருவாயும் அந்த விரைவில்தான் உள்ளது. அதன் நோய் இடரும் அதில்தான் உள்ளது.

ஆட்டின் நிலை இதனோடு ஒப்பிட்டு நோக்கற்குரியது. ஆட்டு நோய்ப்பெயர்களுள் துள்ளுமாரி குறிப்பிடத்தக்கது. மழைக்குப்பின் தளிர்த்த புல்லை மிகுதியாக மேய்ந்த ஆடு துள்ளி விழுந்து இறக்கும் நோய் அது; குடலில் பெருகும் நுண்ணுயிரியின் நஞ்சே காரணம். கோமாரியிலும் துள்ளுமாரியிலும் உள்ள ‘மாரி’ கொள்ளைநோயைக் குறிப்பது; அச்சொல்லில் மழையின் ஒலியையும் அம்மனின் பெயரையும் சேர்த்தே ஊரார் கேட்டனர். இதற்கு மாறாக, ஆட்டுக்கொல்லி என்னும் பெயரில் தெய்வம் இல்லை. ஏனெனில் அந்நோய் புதியது. 1942இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் முதன்முதல் விவரிக்கப்பட்ட அது, இந்தியாவில் முதன்முதல் 1987இல் அறியப்பட்டது. கண்டறியப்பட்ட இடம் அன்றைய தென்னாற்காட்டைச் சேர்ந்த, இன்று விழுப்புரம் மாவட்டத்திலுள்ள அரசூர்.

காய்ச்சல், மூக்கொழுக்கு, வாய்ப்புண், கழிச்சல், பின் இறப்பு என விரையும் இந்நோய்க்கு இந்தியாவில் உருவாக்கப்பட்ட தடுப்பூசி நச்சுயிரி வகைகளுள் ஒன்று ‘அரசூர்/87’ எனப் பெயர் பெற்றது, மற்றொன்று ‘கோயம்புத்தூர்/97’. இவ்விரண்டும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆக்கங்கள். முக்தேசுவரில் உருவான ‘சுங்ரி/96’ மூன்றாவது. நோய் வந்த ஊரே நோய்த்தடுப்பின் பெயரானது அறிவியல் வரலாற்றில் மட்டுமன்றி ஊர்ப்பெயராய்விலும் இடம்பெறத்தக்கது. இதுகாறும் அவ்வாய்வில் அது பேசப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி ஒருமுறை போட்டால் குறைந்தது மூன்றாண்டுக்குக் காக்கும். தாயாடு பல ஆண்டு வாழ்வதால், மந்தையின் ஒரு பகுதி எப்போதும் காப்போடு இருக்கும். நான்கு மாதம் நிறைந்த குட்டிகளைத் தேடிப் போட்டால் போதும். 2030க்குள் இந்நோயை உலகிலிருந்து ஒழிக்க வேண்டுமென ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் உலக விலங்கு நல அமைப்பும் 2015இல் இலக்கு வகுத்தற்கு இவ்வியல்பே துணிவு தந்தது. கோழிக்கழிச்சலுக்கு அத்தகைய இலக்கை எவரும் அறிவிக்கவில்லை.

வெப்பம் தாங்கும் மருந்து

கோழிக்கான சிக்கலை வேறு திசையில் அணுகியவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கண்டெடுக்கப்பட்ட வி-4 என்னும் நோய் தராத நச்சுயிரி வகை வெப்பம் தாங்கவல்லது. 1980களில் மலேசியாவில் அதனைத் தீவனத்தில் கலந்து ஊர்க்கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். பின்னர் வளர்ந்த ஐ-2 என்னும் வகை வியட்நாம், மொசாம்பிக், தான்சானியா முதலிய நாடுகளில் அந்நாட்டு ஆய்வகங்களிலேயே உருவாக்கப்பட்டது. மொசாம்பிக்கில் ஊரவருள் சிலருக்குப் பயிற்சியளித்து, அவர்கள் ஆண்டுக்குப் பலமுறை வீடுவீடாகச் சென்று சிறு கட்டணத்துக்குக் கண்சொட்டு இடும் முறை நிலைபெற்றது. மருந்து இலவசமாக இல்லாமல் கட்டணத்துக்கு வழங்கப்பட்டதே அங்கு அம்முறை தொடரக் காரணமாயிற்று. சொட்டு இடுபவருக்கு அடுத்த சுற்றுக்கு வர ஒரு காரணம் இருந்தது.

தமிழகத்திலும் இத்திசையில் முயற்சி உண்டு. கோழி தானே கொத்தித் தின்னக்கூடிய குருணை வடிவத் தடுப்பு மருந்தைக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உருவாக்கியுள்ளது. ஊசியும் கையில் பிடித்தலும் வேண்டாத இம்மருந்து, பொழுது சாயக் குடாப்பில் அடைக்கும் வேளையில் வீட்டுப் பெண்ணே இடத்தக்கது. எந்தக் கோழி எவ்வளவு தின்றது என்பதை அறிய இயலாமையும், வலுத்த கோழி நலிந்ததின் பங்கைக் கொத்திக்கொள்வதும் இதன் குறைகள். பஞ்சாரத்துக்குள் குஞ்சுகளுக்குத் தனியே குருணை இடும் பழைய வழக்கம் இங்குக் கைகொடுக்கும். ஒவ்வொரு அடையும் பொரித்த வாரத்தில் அப்பஞ்சாரத்துக்குள் மருந்து இடப்படுமானால், மாசி முகாமுக்கும் அடுத்த மாசி முகாமுக்கும் இடையில் பொரிக்கும் குஞ்சுகள் காப்பின்றித் திரியும் நிலை வராது.